ஜிவெர்னியில் மோனேயின் வீடும் தோட்டமும்: போய் வர முழுமையான வழிகாட்டி

பிரான்ஸில் ஜிவெர்னி என்ற சிற்றூரில் இருக்கும், ஓவியர் க்ளோட் மோனேயின் வீட்டுக்குக் கிளம்புமுன் ஒன்றைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். அந்த வீட்டில் மோனே வரைந்த அசல் ஓவியம் ஒன்றுகூடக் கிடையாது. சுவரில் இருக்கும் அவருடைய படங்கள் எல்லாம் நகல்கள். அசல்கள் பாரிஸ், லண்டன், நியூயார்க், டோக்கியோ என்று உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. இது தெரியாமல் போனால், "நகலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று தோன்றிவிடும்.

அங்கே பார்க்க வேண்டியது தோட்டம். மோனே அந்தக் குளத்தை வெட்டவைத்தார், பாலம் போட்டார், செடிகளைத் தேர்ந்தெடுத்து நட்டார். பிறகு சாகும் வரை அதையே திரும்பத் திரும்ப வரைந்தார். அல்லிக்குள ஓவியங்கள் மட்டுமே 250 வரை வரும். ஆகவே எந்த மாதம், எந்த நேரம், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதையெல்லாம் தோட்டத்தை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வீடு அதற்கு அடுத்தபடிதான்.

முன்கதை கொஞ்சம்

1883-இல் மோனே இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தபோது அவருக்கு 42 வயது, கையில் காசு இல்லை. முதல் மனைவி கமீல் 1879-இலேயே இறந்துவிட்டார். தன் இரண்டு மகன்கள், ஆலிஸ் ஒஷெதே, ஆலிஸின் ஆறு பிள்ளைகள் என்று பத்துப் பேர் கொண்ட குடும்பத்தோடு வந்து இறங்கினார். படங்கள் விற்கத் தொடங்கிய பிறகு, 1890-இல் வீட்டை 22,000 பிராங்குக்கு வாங்கினார். 1892-இல் ஆலிஸை மணந்தார். 1926 டிசம்பர் 5 அன்று இதே வீட்டில் காலமானார். 43 வருடம் ஒரே வீடு.

அவருக்குப் பின் மருமகள் பிளான்ஷ் வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார். இவர் ஆலிஸின் மகள், மோனேயின் மூத்த மகன் ஜானை மணந்தவர், தானும் ஓவியர். 1947-இல் அவர் இறந்தபின் கவனிக்க ஆளில்லை. 1966-இல் இளைய மகன் மிஷேல் கார் விபத்தில் இறந்தார். அவருடைய உயிலின்படி வீடு பிரான்ஸின் நுண்கலை அகாதெமிக்குப் போனது. 1977-இல் ஜெரால்ட் வான் டெர் கெம்ப் சீரமைப்புப் பொறுப்பை ஏற்றபோது தரையும் உத்தரங்களும் உளுத்திருந்தன, ஒரு மாடிப்படி இடிந்து விழுந்திருந்தது, பெரிய ஓவியக்கூடத்துக்குள் மூன்று மரங்கள் வளர்ந்து நின்றன. குளத்தை மறுபடி வெட்ட வேண்டியிருந்தது. 1980-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்று நாம் நடக்கும் ஜப்பானியப் பாலமும் அப்போது புதிதாகக் கட்டியதுதான். பழையது உளுத்துப்போயிருந்தது.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

தோட்டம் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரை மட்டுமே திறந்திருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு பாரிஸ் போகிறவர்கள் இதை மறந்துவிடலாம், கதவு பூட்டியிருக்கும்.

மாதத்துக்கு மாதம் தோட்டமே வேறாகிவிடுகிறது. ஏப்ரலில் துலிப், டாஃபடில், பழமரங்களின் பூ. அழகுதான், ஆனால் குளத்தில் அல்லிப்பூ ஒன்றும் இருக்காது. ஓவியத்தை மனதில் வைத்துப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த மாதத்தில்தான். மே மாதம் ஐரிஸ் வரிசைகளும் பாலத்தின் மேல் படர்ந்த விஸ்டீரியாவின் ஊதாக் கொத்துகளும். ஜூனில் ரோஜா, பாப்பி. அல்லி பூக்கத் தொடங்குவதும் ஜூனில்தான். ஜூலை, ஆகஸ்டில் குளம் நிறைந்திருக்கும், கூட்டமும் நிறைந்திருக்கும். செப்டம்பரில் டேலியாக்கள் ஆள் உயரத்துக்கு நிற்கும், நடுப்பாதை முழுக்க நஸ்டர்டியம் கொடி படர்ந்து கிடக்கும், குளத்தில் அல்லியும் மிச்சமிருக்கும். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும், அல்லி முடிந்துவிடும்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் செப்டம்பர் முதல் பாதியைத்தான் சொல்வேன். பள்ளி விடுமுறை முடிந்திருக்கும், வெயில் தாழ்வாக விழும். ஆனால் பாலத்தில் விஸ்டீரியா பூத்திருப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மே மாதத் தொடக்கம்தான். அது இரண்டு மூன்று வாரக் கூத்து, குளிர் நீண்டால் தள்ளிப்போகும். அதை நம்பி விமான டிக்கெட் எடுப்பது சூதாட்டம்.

2. டிக்கெட்

சீசனில் எல்லா நாளும் திறந்திருக்கும், பொதுவாகக் காலை 9:30 முதல் மாலை 6 வரை. கடைசி நுழைவு 5:30. வீட்டுக்கும் இரண்டு தோட்டங்களுக்கும் (வீட்டு முன்னால் பூந்தோட்டம், குளம் இருக்கும் நீர்த்தோட்டம்) சேர்த்து ஒரே டிக்கெட். சமீப ஆண்டுகளில் பெரியவர்களுக்கு 11 முதல் 13 யூரோ வரை இருந்திருக்கிறது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இலவசம். இந்த இடத்தை நடத்தும் மோனே அறக்கட்டளையின் இணையதளத்திலேயே தேதி குறித்து வாங்கிவிடுங்கள். வருடத்தில் ஏழு மாதமே திறந்திருக்கும் இடத்துக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று போனால் பாதிக் காலை வரிசையில் போய்விடும்.

சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். பெரிய பெட்டிகளோடு போகாதீர்கள், விமான நிலையத்திலிருந்து நேரே வருவதெல்லாம் சரிப்படாது. தோட்டத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை.

3. பாரிஸிலிருந்து வெர்னோன்

ரயில் சென்-லசார் நிலையத்திலிருந்து கிளம்பும். ஏறுவதற்கு முன் நிமிர்ந்து அந்தக் கண்ணாடிக் கூரையைப் பாருங்கள். 1877-இல் மோனே நீராவி எஞ்சின்களின் புகை நடுவே நின்று வரிசையாக வரைந்தது இந்த நிலையத்தைத்தான். ருவான், லெ ஆவ்ர் பக்கம் போகும் ரயில்களில் வெர்னோன்-ஜிவெர்னி நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்து ஏறுங்கள். எல்லா வண்டிகளும் அங்கே நிற்பதில்லை. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரப் பயணம்.

பாரிஸ் மெட்ரோவுக்கு நவிகோ அட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். வெர்னோன் நார்மண்டியில் இருக்கிறது, பாரிஸ் வட்டாரத்துக்கு வெளியே. அந்த அட்டை அங்கே செல்லாது. ரயிலில் பரிசோதகர் வந்தால் அபராதம்தான். தனி டிக்கெட் எடுங்கள்.

சொந்தக்காரர்கள் வீடு பாரிஸின் லா சப்பல் பக்கம் இருந்தால் உங்களுக்கு யோகம். மஜெந்தா நிலையத்தில் RER E வழித்தட ரயில் பிடித்தால் அடுத்த நிறுத்தமே ஓஸ்மான்-சென்-லசார். நிலத்தடியிலேயே நடந்து பெரிய நிலையத்துக்குள் போய்விடலாம். முந்தின நாள் மாலை அங்கே இருக்கும் ஈழத்தமிழர் கடைகளில் ரோல்ஸ், வடை வாங்கி வைத்துக்கொள்ளவும் செய்யலாம். ஜிவெர்னியில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சாலட், ஆம்லெட், உருளைக்கிழங்கு வறுவல் என்று சுற்றிச் சுற்றி அதுவேதான்.

8 மணியை ஒட்டி பாரிஸைவிட்டுக் கிளம்பும் வண்டியைப் பிடிப்பது நல்லது. 10 மணி வண்டி என்றால் சுற்றுலாக் கூட்டத்தோடு சேர்ந்து போய் இறங்குவீர்கள்.

4. வெர்னோனிலிருந்து ஜிவெர்னி

ஐந்து ஆறு கிலோமீட்டர் தூரம். ரயில் நேரத்தை ஒட்டி நிலைய வாசலிலிருந்து பேருந்து கிளம்பும், இருபது நிமிடத்துக்குள் கொண்டுபோய் விடும். ரயிலைவிட்டு இறங்கியதும் நேரே அங்கே போய் நில்லுங்கள். காபி குடித்துவிட்டு வரலாம் என்று நினைத்தால் அடுத்த ரயில் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மழை இல்லாவிட்டால் சைக்கிள் இன்னும் நல்ல வழி. நிலையத்துக்கு அருகிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஸேன் ஆற்றைப் பாலத்தில் கடக்கும்போது, ஆற்றுக்குள் நிற்கும் பழைய பாலத்தின் தூண்கள்மேல் ஒரு மரச்சட்ட வீடு தொற்றிக்கொண்டிருப்பது தெரியும், அதுதான் பழைய மாவு மில். அந்தக் கரையிலிருந்து பழைய ரயில் தடத்தையே நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள். மேடு பள்ளம் கிடையாது. நடப்பவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும்.

5. உள்ளே போனதும்: முதலில் குளம்

நுழைந்தவர்களில் பெரும்பாலோர் நேரே வீட்டு வாசலில் வரிசை கட்டுவார்கள். நீங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் தோட்டத்தின் கீழ்க்கோடிக்குப் போங்கள். அங்கே சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை, அதைத் தாண்டினால் நீர்த்தோட்டம். மோனே காலத்தில் இந்த இடத்தில் சாலையோடு ரயில் தண்டவாளமும் ஓடியது. சுரங்கப்பாதையில் படிகள் உண்டு. சக்கர நாற்காலியில் வருபவர்கள், முட்டி வலி உள்ள பெரியவர்களை அழைத்து வருபவர்கள் நுழைவாயில் ஊழியர்களிடமே வேறு வழி கேட்டுவிடுங்கள்.

காலை 9:30-க்குக் குளக்கரையில் ஆள் குறைவு, காற்றும் குறைவு. தண்ணீர் அசையாமல் இருப்பதால் வில்லோ மரங்களும் வானமும் தலைகீழாக அப்படியே விழுந்திருக்கும். ஆனால் ஒன்று: அந்த நேரத்தில் அல்லி முழுதாக விரிந்திருக்காது. நம் ஊர்க் குளத்து வெள்ளல்லி இரவில் மலரும். இங்கே இருப்பவை பகல் பூக்கள், வெயில் ஏற ஏறத்தான் விரியும், சாயங்காலம் கூம்பிவிடும். அதனால்தான் குளத்துக்கு இரண்டு தடவை வரச் சொல்கிறேன்: காலையில் நீருக்காக, நண்பகலுக்குப் பின் பூவுக்காக. வெளியேறாத வரை இரண்டு தோட்டங்களுக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம்.

இந்தக் குளம் சும்மா கிடைத்ததில்லை. 1893-இல் மோனே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கி, எப்த் ஆற்றின் கிளையோடையிலிருந்து தண்ணீர் திருப்ப அனுமதி கேட்டார். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். வெளிநாட்டுச் செடி எதையோ போட்டு, மாடு குடிக்கும் தண்ணீரை நஞ்சாக்கிவிடுவார் என்று பயம். கடிதம் எழுதி, மேலிடம் வரை போய்த்தான் அனுமதி வாங்கினார். 1901-இல் இன்னும் நிலம் வாங்கிக் குளத்தைப் பெரிதாக்கினார். அல்லிகளும் அப்போது புது வரவு. ஐரோப்பாவின் குளிர் தாங்கும் அல்லி அதுவரை வெள்ளைதான். லத்தூர்-மார்லியாக் என்பவர் மஞ்சளும் சிவப்புமாகக் கலப்பின வகைகளை உருவாக்கி 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார். மோனே குளத்துக்கான செடிகள் அவருடைய பண்ணையிலிருந்து வந்தவை.

குளத்தை மட்டும் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் வைத்திருந்தார். காலையில் அவர் படகில் போய்ப் பாசியை வழித்து, வாடிய இலையைக் கிள்ளி, அல்லி இலைகளின் மேல் படிந்த தூசியைக் கழுவிவிட வேண்டும், ஐயா வந்து தூரிகை எடுப்பதற்குள். கார்கள் வந்து மண்சாலையின் தூசி பறக்க ஆரம்பித்ததும் மோனே தன் செலவிலேயே சாலைக்குத் தார் போடவைத்தார். இப்போதும் அதிர்ஷ்டம் இருந்தால் தோட்டக்காரர் படகில் குனிந்து பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பின்னால் போட்டுக்கொண்டே போவதைப் பார்க்கலாம். அல்லி இலைகளை மொத்தமாக மூட விடுவதில்லை. தீவு தீவாகக் கத்தரித்து, இடையில் வெறும் நீர் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். வானம் விழுவதற்கு அந்த வெற்றிடம் வேண்டும்.

பாலத்தின் மேல் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள், நீங்களும் எடுங்கள், இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். 1895-இல் கட்டிய அந்தப் பாலத்துக்கு ஜப்பானிய வழக்கப்படி சிவப்பு அடிக்காமல் பச்சை அடித்தார். 1899-இல் அவர் வரைந்த பாலம் ஓவியங்களில் மேலே கொடிப்பந்தல் இருக்காது, விஸ்டீரியா பந்தல் பிற்பாடு வந்தது. பாலத்தைவிட எதிர்க்கரையில் ஒரு பெஞ்சில் உட்காருவது மேல். உட்கார்ந்து, கரையும் வானமும் கண்ணில் படாதபடி நீரை மட்டும் பாருங்கள். கடைசிக் கால ஓவியங்களில் அடிவானமே கிடையாது. மேலே எது, கீழே எது என்று புரியாமல் திகைக்க வைப்பவை அவை. ஒரு மேகம் நீரின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனை போகும்வரை கால் மணி நேரம் பொறுத்திருந்தால், ஒரே குளத்தை ஏன் ஒரு மனிதன் இத்தனை முறை வரைந்தான் என்று கேட்கத் தோன்றாது.

6. பூந்தோட்டம்

திரும்பி வந்தால் வீட்டு முன்னால் இருக்கும் தோட்டம், க்ளோ நோர்மான். ஏறத்தாழ ஒரு ஹெக்டேர், சுற்றிலும் மதில். பெயர்பெற்ற பிரெஞ்சுத் தோட்டங்கள் போல வெட்டிச் சீவிய ஒழுங்கு இங்கே கிடையாது. பாத்திகள் நேர்கோட்டில் இருக்கும், ஆனால் செடிகள் வரம்பு மீறி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். ஒரே நிறக் குடும்பத்தை அருகருகே வைப்பது, இருண்ட நிறத்தின் நடுவே வெள்ளையைத் தெளிப்பது என்று எல்லாவற்றிலும் ஓவியர் கை தெரியும்.

நடுவில் இரும்பு வளைவுகளோடு ஓடும் பெரிய பாதையில் நடக்க விடமாட்டார்கள், கயிறு கட்டியிருக்கும். அதற்காக வருந்த வேண்டாம். கீழ்முனையில் நின்று வீட்டைப் பார்த்தால்தான் அந்தக் காட்சி சேரும்: இருபுறமும் ரோஜா வளைவுகள், கோடைக்குப் பின் காலடியில் நஸ்டர்டியம், கடைசியில் இளஞ்சிவப்புச் சுவரும் பச்சைச் சன்னல்களும். வீட்டுக்கு முன்னால் இருக்கும் இரண்டு யூ மரங்களுக்கு ஒரு குடும்பக் கதை உண்டு. பாதையின் இருண்ட மரங்களையெல்லாம் வெட்டித் தள்ள மோனே நினைத்தார், ஆலிஸ் விடவில்லை. கடைசியில் இந்த இரண்டு மட்டும் தப்பின.

7. வீடு

12 மணிக்குமேல் குழுக்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் நுழையுங்கள். அரை மணி போதும். வீட்டில் என் கண் நின்ற இடங்கள் இரண்டு.

ஒன்று, சாப்பாட்டு அறை. சுவர், அலமாரி, நாற்காலி எல்லாம் மஞ்சள், இரண்டு விதமான மஞ்சள். அதன் மேல் வரிசையாக ஜப்பானிய அச்சோவியங்கள். மோனே இவற்றை 200-க்கும் மேல் சேர்த்திருந்தார். ஹொகுசாய், ஹிரோஷிகே, உதமாரோ என்ற ஜப்பானிய ஓவியர் மூவரின் அச்சுகளும் உண்டு. பாலமும் மூங்கிலும் எங்கிருந்து வந்தன என்று இங்கே புரியும். மோனே விடியும் முன் எழுபவர், மதியச் சாப்பாடு சரியாக 11:30-க்கு வேண்டும். பெரிய மனிதர்களே விருந்துக்கு வந்தாலும் நேரம் மாறாது.

இன்னொன்று, ஒட்டியிருக்கும் சமையலறை. ருவான் நகரத்து நீல-வெள்ளை ஓடுகள் சுவர் முழுக்க, பெரிய அடுப்பு, தேய்த்துப் பளபளக்கும் செம்புப் பாத்திரங்கள். மஞ்சள் அறையிலிருந்து கதவு வழியே இந்த நீலத்தைப் பாருங்கள். இரண்டு நிறத்தையும் அருகருகே வைத்தது தற்செயலாக இருக்காது.

மாடியில் அவருடைய படுக்கையறைச் சன்னலிலிருந்து தோட்டம் முழுக்கத் தெரியும். அதைத் தவறவிடாதீர்கள். மற்ற அறைகளை நடந்தபடியே பார்த்துவிடலாம்.

வெளியேறும் வழியில் இருக்கும் நினைவுப்பொருள் கடையைக் கடை என்று கடந்துவிடாதீர்கள். முதல் உலகப்போர்க் காலத்தில், பெரிய அல்லி ஓவியங்களுக்காகவே மோனே கட்டிய கூடம் அது. மேலே கண்ணாடிக் கூரை இருக்கிறது. உள்ளே மரம் முளைத்திருந்ததாகச் சொன்னேனே, அதே கூடம்தான். ஆனால் கடைக்கு வருமுன் குளத்துக்கு இரண்டாவது சுற்றுப் போய்வந்துவிடுங்கள், வெளியே போனால் அதே டிக்கெட்டில் திரும்ப முடியாது.

8. ஊருக்குள்

நேரம் இருந்தால் மோனே பெயரிலேயே இருக்கும் தெருவில் நடந்து சென்-ரதகோந்த் தேவாலயம் வரை போங்கள். மோனே குடும்பக் கல்லறை அங்கேதான், பூக்கள் நட்டிருக்கும். பக்கத்தில் 1944-இல் விமானம் விழுந்து இறந்த பிரிட்டிஷ் விமானப்படையினர் ஏழு பேரின் கல்லறையும் உண்டு. வழியில் ஒதெல் போதி, மோனேயைப் பார்க்க வந்த அமெரிக்க ஓவியர்கள் தங்கிய விடுதி, இப்போது உணவகம். மோனே சார்ந்த ஓவிய இயக்கமான இம்ப்ரெஷனிசத்தின் பெயரில் இங்கே இருக்கும் அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட். அங்கே நடக்கும் கண்காட்சி எது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திரும்பும்போது கடைசிப் பேருந்தை நம்ப வேண்டாம், அதில்தான் அத்தனை பேரும் ஏறுவார்கள். அதற்கு முந்தியதைப் பிடியுங்கள்.

9. அசல் ஓவியங்கள், மறுநாள்

தோட்டத்தைப் பார்த்த கண்ணோடு பாரிஸில் இரண்டு இடம். லொரான்ஜெரி அருங்காட்சியகத்தில் இரண்டு நீள்வட்ட அறைகளில் எட்டுப் பெரிய அல்லி ஓவியங்கள், இரண்டு மீட்டர் உயரம், எல்லாம் சேர்த்து 90 மீட்டருக்கும் மேல் நீளம். 1918 நவம்பர் 11-இல் போர் நின்றது; மறுநாளே மோனே பிரதமர் க்ளெமான்சோவுக்குக் கடிதம் எழுதி, நாட்டுக்கு ஓவியம் தருவதாகச் சொன்னார். அதுவே வளர்ந்து இந்த அறைகளானது. 1927 மே மாதம் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. கூரை வழியே இயற்கை வெளிச்சம் விழும்படி அமைத்திருப்பதால் பகலிலேயே போங்கள்.

மர்மொத்தான் அருங்காட்சியகத்தில் மிஷேல் விட்டுச்சென்ற ஓவியங்கள் இருக்கின்றன. இம்ப்ரெஷனிசம் என்ற பெயருக்கே காரணமான 1872-இன் சூரியோதய ஓவியமும் இங்கேதான். 1985-இல் திருடுபோய் 1990-இல் கோர்சிகாவில் கிடைத்தது. அதே அருங்காட்சியகத்தில், கண்புரை முற்றிய காலத்தில் மோனே வரைந்த பாலம் ஓவியங்களைத் தேடிப் பாருங்கள். நேற்று நீங்கள் பச்சையாகப் பார்த்த பாலம் செம்மண்ணும் தீயுமாக, அடையாளமே தெரியாமல் இருக்கும். 1923-இல் தான் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதித்தார்.

லொரான்ஜெரிக்குச் செவ்வாய் விடுமுறை, மர்மொத்தானுக்குத் திங்கள் விடுமுறை. எனவே ஜிவெர்னிக்குச் செவ்வாய் அல்லது புதன் போனால் மறுநாள் இரண்டும் திறந்திருக்கும். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் லொரான்ஜெரி.